புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி?

பலூனைப் பார்க்கிற எவருக்கும் ஒரு கேள்வி எழும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் அதற்குத் தெரிகிறது. பக்கவாட்டில் மட்டும் ஏன் நாம் சொல்கிற திசைக்குப் போக மறுக்கிறது? படகுக்குப் பாய் கட்டுகிறோம், சுக்கான் வைக்கிறோம். எதிர்க்காற்றில்கூட அது வளைந்து வளைந்து கரை சேர்ந்துவிடுகிறது. அதே பாயையும் சுக்கானையும் பலூனில் கட்டினால் என்ன?

படித்த மேதைகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1783 நவம்பர் 21 அன்று பிலாத்ர் த ரோசியே, மார்க்கி தார்லாந்த் என்ற இருவர் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் செய்த வெப்பக்காற்றுப் பலூனில் பாரிஸ் நகருக்கு மேலே பறந்தார்கள். பத்து நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, ஜாக் ஷார்ல் என்ற இயற்பியலாளர் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஒரு துணையோடு ஏறி, ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கினார். மனிதனை மேலே தூக்கும் இரண்டு வழிகளும் பத்து நாள் இடைவெளியில் கைக்கு வந்துவிட்டன. இனி திசை திருப்புவது மட்டும்தானே பாக்கி, இன்னும் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று ஐரோப்பாவே நினைத்தது.

எந்திரம் பொருத்திய முதல் வான்கப்பல் பறக்க 69 ஆண்டுகள் ஆயின. புறப்பட்ட இடத்துக்கே ஒரு வான்கப்பல் திரும்பி வர ஏறக்குறைய 101 ஆண்டுகள் ஆயின. அதற்குள் ரயில் வந்துவிட்டது, கடலில் நீராவிக் கப்பல் வந்துவிட்டது, தந்தி வந்துவிட்டது. திசை திருப்புவது மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

பாய் ஏன் தொங்கியது

பாய்மரப் படகு இரண்டு பொருள்களுக்கு நடுவில் நிற்கிறது. அடியில் தண்ணீர், மேலே காற்று. காற்று தள்ளுகிறது, தண்ணீர் படகின் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரின் வேகத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் படகோட்டியின் முதல். அதை வைத்துத்தான் அவன் வியாபாரம் செய்கிறான்.

பலூனுக்கு அந்த முதல் இல்லை. அதைச் சுற்றிலும் காற்று மட்டும்தான். காற்று மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் பலூனும் அதே 40இல் போகும். அதனால் கூடைக்குள் நிற்பவருக்குக் காற்றே தெரியாது. கீழே மரங்கள் ஆடுவது கண்ணுக்குத் தெரியும்; கையில் விரித்த வரைபடத்தின் ஓரம் அசையாது. மெழுகுவத்தி ஏற்றினால் சுடர் நேராக நிற்கும். (ஹைட்ரஜன் பலூனில் ஏறியவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) இப்படிப்பட்ட இடத்தில் பாயைக் கட்டினால் அது கொடியில் காயப்போட்ட துணியாகத் தொங்கும். சுக்கானுக்கும் அதே கதிதான். தன்னைக் கடந்து ஏதாவது ஓடினால்தான் சுக்கான் திருப்பும். காற்றோடு காற்றாகப் போகும் பலூனில் சுக்கானைக் கடந்து ஓட ஒன்றுமே இல்லை.

இது புரியாமல், அல்லது புரிந்தும் ஒப்புக்கொள்ள மனமில்லாமல், பலர் துடுப்பு கட்டினார்கள். ஜான் பியேர் பிளான்ஷார் 1785 ஜனவரி 7 அன்று ஜான் ஜெஃப்ரீஸ் என்ற மருத்துவரோடு இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கால்வாயைப் பலூனில் கடந்தபோது துடுப்புகளையும் கொண்டுபோனார். வழியில் பலூன் கடலை நோக்கி இறங்கத் தொடங்கியது. பாரம் குறைக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் கடலில் எறிந்தார்கள். துடுப்பும் போயிற்று, கடைசியில் போட்டிருந்த உடுப்பும் போயிற்று. கரை சேர்த்தது அன்றைய காற்றுதான்.

பாய் வேலை செய்ய ஒரே ஒரு வழி உண்டு. பலூனிலிருந்து கனமான கயிறுகளைத் தரையில் இழுபட விட்டால் பலூன் காற்றைவிட மெதுவாகப் போகும். அப்போது பாயில் கொஞ்சம் காற்று பிடிக்கும். சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆந்த்ரே இந்த உத்தியை நம்பித்தான் 1897 ஜூலையில் இரு தோழர்களோடு வட துருவத்துக்குப் பலூனில் கிளம்பினார். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே இழுவைக் கயிறுகளின் பெரும்பகுதி கழன்று விழுந்துவிட்டது. மூவரும் திரும்பவில்லை. அவர்களுடைய உடல்கள் கிடைத்தது 1930இல்.

சொந்த வேகம்

ஆக, காற்றைப் பயன்படுத்தித் திசை திருப்ப முடியாது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு, அதைவிட்டு விலகி நகர வேண்டும். அப்படிக் காற்றுக்குள் நகரும் வேகத்தைச் ‘சொந்த வேகம்’ என்று வைத்துக்கொள்வோம். சொந்த வேகம் வந்துவிட்டால் சுக்கானைக் கடந்து காற்று ஓடும், கப்பல் திரும்பும்.

ஆனால் திரும்பினால் மட்டும் போதுமா? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் அசையும் அளவுக்கான சாதாரணக் காற்று, புயலெல்லாம் இல்லை. ஒரு மணி நேரத்தில் அது 18 கிலோமீட்டர் கிழக்கே போகும். வெறும் பலூன் சரியாக அந்த 18ஆவது கிலோமீட்டரில் இருக்கும். வேறு எங்கும் இருக்க முடியாது.

இப்போது சொந்த வேகம் வினாடிக்கு 3 மீட்டர் உள்ள கப்பலைப் பார்ப்போம். மணிக்கு அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். தாளில் அந்த 18ஆவது கிலோமீட்டரை மையமாக வைத்து 11 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் கப்பல் அந்த வட்டத்துக்குள் எந்த இடத்துக்கும் போகலாம். ஒரு புள்ளி ஒரு வட்டமாக விரிந்துவிட்டது, பெரிய முன்னேற்றம்தான். ஆனால் புறப்பட்ட இடம் எங்கே இருக்கிறது? மையத்திலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவில், வட்டத்துக்கு வெளியே. எவ்வளவு திறமையாகச் சுக்கானைத் திருப்பினாலும் இந்தக் கப்பலுக்கு வீடு திரும்பும் பாக்கியம் கிடையாது.

சொந்த வேகத்தை வினாடிக்கு 6 மீட்டராக உயர்த்துங்கள். வட்டத்தின் ஆரம் 21 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. புறப்பட்ட இடம் வட்டத்துக்குள் வந்துவிட்டது. 3 மீட்டரிலிருந்து 6 மீட்டர். கேட்க எவ்வளவு சின்ன வித்தியாசம்! வான்கப்பல் வரலாற்றில் இந்த 3 மீட்டருக்கு 32 ஆண்டுகள் ஆயின.

எஞ்சின் மட்டும் இல்லாத வரைபடம்

கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்பது வெகு சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1784இல் ஜான் பத்தீஸ்த் மெனியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் ஒரு வரைபடம் போட்டார். பலூன் உருண்டையாக இல்லாமல் நீண்டிருந்தது. அடியில் படகு. இரண்டுக்கும் இடையே சுழலும் விசிறிகள்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் யோசித்திருந்தார். உருண்டைப் பலூனில் கொஞ்சம் வாயு குறைந்தால் துணி சற்றுத் தொய்யும், அவ்வளவுதான். நீண்ட பலூனில் வாயு குறைந்தால் நடுவில் மடியும். மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று தொங்கும். இதற்கு மெனியே கண்ட தீர்வு, பெரிய பலூனுக்குள் சாதாரணக் காற்று அடைத்த ஒரு ‘உட்பை’. வாயு சுருங்கும்போது உட்பைக்குள் காற்றடித்து இடத்தை நிரப்பினால் வெளியுறை விறைப்பாகவே இருக்கும். இன்று விளம்பரத்துக்காகப் பறக்கும் வான்கப்பல்களின் உள்ளேயும் இதே உட்பைதான் இருக்கிறது.

உட்பையை முதலில் சோதித்தவர்கள் ரொபேர் சகோதரர்கள். 1784 ஜூலையில் ஷார்த்ர் கோமகனையும் ஏற்றிக்கொண்டு பறந்தபோது, உட்பை நழுவி வாயு வெளியேறும் வாயை அடைத்துக்கொண்டது. பலூன் உப்பிக்கொண்டே மேலேறியது. வெடித்துவிடும் என்ற பயத்தில் கோமகன் பலூனைக் குத்திக் கிழித்தார், எல்லோரும் பிழைத்தார்கள். ஊர் அவரைக் கோழை என்று கேலி செய்தது. அவர் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

மெனியேயின் படத்தில் ஒன்றுதான் குறை. விசிறியைச் சுற்றுவது யார்? 80 ஆட்கள் கையால் சுற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். கப்பல் கட்டப்படவில்லை. மெனியே 1793இல் மைன்ஸ் நகர முற்றுகையில் காயம்பட்டு இறந்தார்.

ஜிஃபாரின் கணக்கு

ஆன்ரி ஜிஃபார் பாரிஸ்காரர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். நீராவி எஞ்சினைச் சிறிதாக்குவதிலேயே அவர் புத்தி முழுவதும் இருந்தது. 1852 செப்டம்பர் 24 அன்று மாலை, 27 வயதில், பாரிஸ் நகரின் ஹிப்போடிரோம் திடலிலிருந்து தாமே கட்டிய வான்கப்பலில் தனியாகக் கிளம்பினார். எந்திரம் பொருத்தி மனிதன் பறந்த முதல் பயணம் அதுதான்.

சுருட்டு வடிவில், இரு முனையும் கூராக, 44 மீட்டர் நீளம்; நடுவில் 12 மீட்டர் விட்டம்; 2,500 கன மீட்டர் கொள்ளளவு. ஹைட்ரஜன் விலை அதிகம் என்பதால் தெருவிளக்குக்குப் பயன்படுத்திய நிலக்கரி வாயுவை நிரப்பினார். அடியில் நீண்ட கட்டை ஒன்று, அதற்கும் கீழே கொதிகலனும் எஞ்சினும், வால் பக்கம் முக்கோணத் துணிச் சுக்கான். எஞ்சினின் திறன் 3 குதிரைத்திறன்.

தீப்பற்றும் வாயு 2,500 கன மீட்டர் தலைக்கு மேல் நிற்க, கீழே கரி அடுப்பு மூட்டும் மனிதனை என்ன சொல்வது? ஆனால் ஜிஃபார் அசட்டுத் துணிச்சல்காரர் இல்லை. அடுப்பைப் பலூனிலிருந்து பல மீட்டர் கீழே தொங்கவிட்டார். அடுப்பு வாய்க்குக் கம்பி வலை போட்டார். சுரங்கத் தொழிலாளர்களின் விளக்கில் சுடர் வெளியே தாவாமல் காக்கும் அதே வலை. புகைபோக்கியைத் தலைகீழாகக் கீழ்நோக்கி வைத்தார். சூடான புகை இயல்பாகக் கீழே போகாதே! அதனால் எஞ்சினில் வேலை முடித்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் பாய்ச்சி, புகையை அது இழுத்துக்கொண்டு போகும்படி செய்தார்.

அவர் விட்டுப்போன எடைக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்த வாயு மொத்தம் 1,800 கிலோ எடையைத் தூக்கும். அதுதான் வரவு. செலவு இப்படி: பலூன் உறையும் வால்வும் 320 கிலோ. அதன் மேல் போர்த்திய வலை 150. நீண்ட கட்டை, தொங்கு கயிறுகள், சுக்கான் எல்லாம் 300. எஞ்சினும் காலிக் கொதிகலனும் 150. புறப்படும்போது கொதிகலனில் இருந்த தண்ணீரும் கரியும் 60. எஞ்சினைத் தாங்கும் சட்டம், பலகைகள், தண்ணீர்த் தொட்டி, கரித் தொட்டி ஆகியவை 420. தரையில் இழுபடும் கயிறு 80. ஜிஃபார் 70. மேலே எழும்ப மிச்சம் வைக்க வேண்டிய தூக்குவிசை 10. கூட்டினால் 1,560. மீதி 240 கிலோவுக்குக் கூடுதல் தண்ணீரும் கரியும் கொண்டுபோகலாம்.

இந்தக் கணக்கில் என்னை வியக்கவைப்பது எஞ்சினின் எடை குறைவு. 1,800 கிலோவில் வெறும் 150. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் எவ்வளவு கனம் என்று தெரிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத எண். மிச்சத்தில் பெரும்பங்கைத் துணியும் வலையும் கயிறும் கட்டையும் தின்றுவிட்டன.

அன்று காற்று பலமாக வீசியது. அதை எதிர்த்துப் போகும் எண்ணமே ஜிஃபாருக்கு இல்லை. வலப்பக்கம், இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார், வட்டமடிக்க முயன்றார், சுக்கானுக்குக் கப்பல் கட்டுப்பட்டது. சொந்த வேகம் வினாடிக்கு 2 முதல் 3 மீட்டர் என்று கணித்தார். இருட்டியதும் நெருப்பை அணைத்து, 27 கிலோமீட்டர் தொலைவில் திராப் ஊருக்கு அருகே எலான்கூரில் பத்திரமாக இறங்கினார். அன்று பாரிஸ் அவருடைய வட்டத்துக்கு வெளியே இருந்தது.

இரு மடங்கு வேகம், எட்டு மடங்கு விலை

3 மீட்டரை 6 ஆக்க எஞ்சினை இரு மடங்கு பெரிதாக்கினால் போதாதா? போதாது.

சைக்கிளில் மெல்லப் போகும்போது காற்று இருப்பதே தெரிவதில்லை. விரட்டி மிதித்தால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. வேகம் இரு மடங்கானால் இந்தக் காற்றுத்தடை நான்கு மடங்காகிறது. ஏனென்றால் ஒவ்வொரு வினாடியும் இரு மடங்கு காற்றை விலக்க வேண்டும். அதையும் இரு மடங்கு வேகத்தில் விலக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் நான்கு. இத்தோடு முடியவில்லை. அந்த நான்கு மடங்குத் தடையை எதிர்த்து ஒவ்வொரு வினாடியும் இரு மடங்கு தூரம் போகிறோம். ஆகவே வினாடிக்கு வினாடி எஞ்சின் செய்ய வேண்டிய வேலை, அதாவது திறன், எட்டு மடங்கு.

ஜிஃபாரின் கப்பலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 3 குதிரைத்திறன் 24 ஆக வேண்டும். 150 கிலோ எஞ்சின் 1,200 கிலோ ஆகும். கணக்கில் எஞ்சினுக்குக் கிடைக்கக்கூடிய இடம், கூடுதல் கரி தண்ணீர் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும், 390 கிலோதான். கப்பல் தரையைவிட்டே எழும்பாது.

பலூனையே பெரிதாக்கினால்? இங்கே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்கு, தூக்கும் எடையும் எட்டு மடங்கு. காற்றை முட்டும் முகப்பு மட்டும் நான்கு மடங்குதான். 14,400 கிலோ தூக்கும் கப்பலை 6 மீட்டர் வேகத்தில் ஓட்ட 96 குதிரைத்திறன், அதாவது 4,800 கிலோ எஞ்சின் போதும். தாராளமாக அடங்கும். பின்னாளில் செப்பலின் பிரபு தம் வான்கப்பல்களை ராட்சத அளவில் கட்டியதன் காரணம் இதுதான். 1900 ஜூலை 2 அன்று போடன் ஏரிமேல் பறந்த அவருடைய முதல் கப்பலின் நீளம் 128 மீட்டர்.

ஜிஃபாருக்கும் இது தெரிந்திருந்தது. 600 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். அதற்குக் காசுக்கு எங்கே போவது? இந்தத் திட்டத்துக்கு முன் 1855இல் 70 மீட்டர் நீளத்தில் இரண்டாவது கப்பலைக் கட்டி ஒரு தோழரோடு பறந்திருந்தார். இறங்கும்போது வாயு குறைந்து, மூக்கு மேலே தூக்கி, பலூன் தன் வலையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. மெனியே எச்சரித்த அதே ஆபத்து. இருவரும் சிறு காயங்களோடு தப்பினார்கள்.

பிறகு அவர் கொதிகலனுக்கு, அதன் நீராவியைக் கொண்டே தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர் என்ற கருவியைக் கண்டுபிடித்து 1858இல் காப்புரிமை பெற்றார். உலகமெங்கும், நம் ஊர் நீராவி ரயில் எஞ்சின்களிலும், அது இடம்பிடித்தது. ஜிஃபார் பெரும் பணக்காரர் ஆனார். ஆனால் ராட்சதக் கப்பல் கட்டப்படவேயில்லை. கண்பார்வை போய்க்கொண்டிருந்த நிலையில் 1882இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சொத்தைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்திருந்தார்.

எட்டுப் பேரின் கைகள்

1870இல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டது. நகரத்துக்குள்ளிருந்து 66 பலூன்கள் கடிதங்களோடும் ஆட்களோடும் வெளியே பறந்தன. வெளியிலிருந்து உள்ளே ஒன்றுகூட வந்து சேரவில்லை. திரும்பும் பலூன் வேண்டும் என்று அரசு கப்பல் பொறியாளர் துபுய் த லோமிடம் கேட்டது. அவர் வேலையை முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. 1872 பிப்ரவரி 2 அன்று அவருடைய கப்பல் பறந்தது. விசிறியைச் சுற்றியது எட்டு மாலுமிகள்!

நெருப்பு ஆபத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் நெடுநேரம் உழைக்கும் ஒரு மனிதனின் திறன் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். எட்டுப் பேர் சேர்ந்தாலும் ஒரு குதிரைத்திறன் எட்டாது. அவர்களுடைய உடல் எடையோ 500 கிலோவைத் தாண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய ஜிஃபாரின் எஞ்சின் இதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் இந்தக் கப்பலில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மெனியேயின் உட்பையை லோம் ஒழுங்காகப் பொருத்தினார். கப்பலின் வடிவம் குலையவில்லை.

1884 ஆகஸ்ட் 9

நீராவி எஞ்சினுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. கரி எரிய எரிய, தண்ணீர் ஆவியாக ஆவியாகக் கப்பலின் எடை குறையும். எடை குறைந்தால் மேலேறும். மேலே காற்றழுத்தம் குறைவு, வாயு விரியும், கொஞ்சத்தை வெளியே விட்டே ஆக வேண்டும். பிறகு இறங்கும்போது பலூன் தொய்யும். மின்கலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. புறப்பட்டபோது இருந்த எடைதான் இறங்கும்போதும். தீப்பொறிப் பயமும் குறைவு. 1883 அக்டோபரில் திசாந்தியே சகோதரர்கள் சீமென்ஸ் மின்மோட்டாரைப் பொருத்திப் பறந்து பார்த்தார்கள். 1.5 குதிரைத்திறன், வேகம் ஜிஃபாரின் அளவைத் தாண்டவில்லை.

அடுத்த ஆண்டு பாரிஸுக்கு வெளியே ஷாலே மெதோனில் இருந்த ராணுவப் பலூன் நிலையத்தில் ஷார்ல் ரெனார், ஆர்தர் கிரெப்ஸ் என்ற இரு அதிகாரிகள் ‘லா ஃபிரான்ஸ்’ என்ற கப்பலைக் கட்டி முடித்தார்கள். ஆகஸ்ட் 9, காற்று அடங்கியிருந்த நாள். மேலே எழும்பி, கொஞ்ச தூரம் போய், வளைந்து, கிளம்பிய திடலிலேயே வந்து இறங்கினார்கள். 8 கிலோமீட்டர், 23 நிமிடம். வினாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர்.

எஞ்சின் எடை குறைந்ததால் இது முடிந்தது என்றுதான் பல நூல்களில் இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். லா ஃபிரான்ஸின் மின்கலங்கள் மட்டும் 435 கிலோ. மோட்டாரின் திறன் 8.5 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு 51 கிலோ, அதுவும் மோட்டாரைச் சேர்க்காமல். ஜிஃபாரின் எஞ்சினும் கொதிகலனும் சேர்ந்தே குதிரைத்திறனுக்கு 50 கிலோதான். தண்ணீரும் கரியும் தனி என்றாலும், 32 ஆண்டுகளில் எந்திரம் பெரிதாக இளைத்துவிடவில்லை.

பின் எப்படி? ஜிஃபாரின் கப்பலுக்கு 24 குதிரைத்திறன் தேவைப்பட்ட வேகத்தை ரெனாரும் கிரெப்ஸும் 8.5ஐ வைத்து எட்டினார்கள். விடை கப்பலின் உடம்பில் இருக்கிறது. லா ஃபிரான்ஸின் நீளம் 50 மீட்டர், விட்டம் 8.4 மீட்டர்தான். காற்றை முட்டும் முகப்பின் பரப்பு ஜிஃபாருடையதில் 113 சதுர மீட்டர், இங்கே 55. பாதிக்கும் குறைவு. அதிலேயே 24 குதிரைத்திறன் 12 ஆகிவிடுகிறது. பலூன்மேல் போர்த்திய முரட்டு வலையை எடுத்துவிட்டுத் துணி உறையிலிருந்தே கூடையைத் தொங்கவிட்டார்கள். மூங்கிலால் கட்டிய 33 மீட்டர் நீளக் கூடையைப் பட்டுத் துணியால் மூடி வழுவழுப்பாக்கினார்கள். ஜிஃபாரின் விசிறி 3.4 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 110 சுற்று. இவர்களுடையது 7 மீட்டர், மெதுவாகச் சுற்றியது. கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் திறன் வீணாவது குறையும். மெலிந்த பலூனால் இவ்வளவு எடையைத் தூக்க முடியுமா என்றால், அதற்கு ஹைட்ரஜன். ஜிஃபாரின் வாயு கன மீட்டருக்கு 0.72 கிலோ தூக்கியது. ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோ தூக்கும்.

ஒரு பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை. வலை, கூடை, விசிறி, விட்டம், வாயு என்று ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். பேரும் புகழும் தராத வேலை.

பெட்ரோல் வந்த பிறகு

எந்திரம் உண்மையிலேயே இளைத்தது அதற்குப் பிறகுதான். பாரிஸில் வாழ்ந்த பிரேசில் இளைஞர் சாந்தோஸ் துமோன் 1898இல் தம் முதல் வான்கப்பலுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியின் பெட்ரோல் எஞ்சினைத் திருத்திப் பொருத்தினார். 3.5 குதிரைத்திறன், 30 கிலோ. ஜிஃபாரின் எஞ்சினுடைய எடையில் ஐந்தில் ஒரு பங்கு!

அதற்கு முந்தைய ஆண்டுதான் பெர்லினில் வோல்ஃபெர்ட் என்பவர் பெட்ரோல் எஞ்சினைப் பலூனுக்கு மிக அருகில் வைத்துப் பறந்து, தீப்பிடித்து, தம் மெக்கானிக்கோடு இறந்திருந்தார். சாந்தோஸ் துமோன் புகைக்குழாயைக் கீழ்நோக்கி வளைத்தார். 46 ஆண்டுக்கு முன் ஜிஃபார் எடுத்த அதே எச்சரிக்கை. ஆனால் உட்பைக்குக் காற்றடிக்கும் பம்பு வலுவில்லாமல் போயிற்று. இறங்கும்போது கப்பல் நடுவில் மடிந்து விழத் தொடங்கியது. கீழே திடலில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, கயிற்றைப் பிடித்துக் காற்றுக்கு எதிராக ஓடுங்கள் என்று கத்தினார். பட்டம் விடத் தெரிந்த பையன்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் ஓடினார்கள்; கப்பல் பட்டம்போல் தாங்கி மெல்ல இறங்கியது.

1901 அக்டோபர் 19 அன்று தம் ஆறாவது கப்பலில் அவர் சான் குளூவிலிருந்து கிளம்பி, ஈஃபில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பினார். அரை மணிக்குள் முடித்தால் ஒரு லட்சம் பிராங்க் என்று எண்ணெய் வணிகர் டாய்ச் த லா மூர்த் அறிவித்திருந்த பரிசு. எல்லைக்கோட்டை 30 நிமிடத்துக்குள் தாண்டினார். கயிற்றைக் கீழே பிடித்துக் கட்டியபோது 40 வினாடி கூடிப்போயிருந்தது. சர்ச்சைக்குப் பிறகு பரிசு அவருக்கே வந்தது. அதில் பெரும்பங்கைப் பாரிஸ் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தம்மோடு உழைத்தவர்களுக்குப் பகிர்ந்தார்.

யார் கண்டுபிடித்தது?

வினாடி வினாப் புத்தகங்கள் ஜிஃபார், 1852 என்று சொல்லும். முதலில் எந்திரத்தை ஏற்றிப் பறந்தவர் என்ற பொருளில் அது சரி. வடிவத்தைக் கேட்டால் மெனியேயைச் சொல்ல வேண்டும். ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பாத வண்டியை வண்டி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆகவே என் தீர்ப்பு ரெனாருக்கும் கிரெப்ஸுக்கும்தான். 1884, 1885 ஆகிய இரண்டு ஆண்டுகளில் லா ஃபிரான்ஸ் 7 முறை பறந்தது. 5 முறை ஷாலே மெதோனுக்கே திரும்பி வந்தது.